பெட்டிக்குள் இருந்த காகிதம் எங்கே? பழைய அட்வென்ச்சர் கேம்களை டிஜிட்டலில் வாங்கி, நகல் தடுப்பில் சிக்காமல் விளையாட முழுமையான வழிகாட்டி

கிங்ஸ் குவெஸ்ட் 6 என்ற பழைய அட்வென்ச்சர் கேமில் ஒரு இடம் வரும். புனித மலைத் தீவில் கால் வைத்ததும் எதிரே செங்குத்தான பாறைச்சுவர் நிற்கும். பாறையில் பழங்கால எழுத்துகள் செதுக்கியிருக்கும். அவற்றைப் புரிந்துகொண்டு சரியான விடை கொடுத்தால்தான் மேலே ஏற முடியும். அந்த விடை கேமுக்குள் எங்கு தேடினாலும் கிடைக்காது. 1992-இல் பெட்டியோடு வந்த சிறிய வழிகாட்டிப் புத்தகத்தில்தான் இருக்கிறது.

நான் அந்தப் பாறையின் முன்னால் ஒரு மாலை முழுவதும் நின்றேன். என்னிடம் இருந்தது டிஜிட்டல் பிரதி. இன்ஸ்டாலர் கேமை மட்டும் கணினியில் வைத்தது, புத்தகத்தை வைக்கவில்லை. கடையில் என் கணக்குப் பக்கத்தின் அடியில், கூடுதல் பொருட்கள் என்ற பகுதியில் அது தனியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல ஒரு வரிகூட எங்கும் இல்லை.

இந்த வழிகாட்டி பிறந்தது அந்த மாலையில். பழைய அட்வென்ச்சர் கேம்களில் பெட்டிக்குள் இருந்த காகிதம் பாதி கேம். அதுவே பூட்டு, அதுவே கதை. மறுவெளியீட்டில் பூட்டை எடுத்துவிட்டால் கதையில் ஒரு துண்டு போகிறது. பூட்டை விட்டுவிட்டுக் காகிதத்தைத் தொலைத்தால் கதவே திறக்காது. இரண்டும் நேராமல் விளையாட என்னென்ன செய்ய வேண்டும் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: உங்கள் கேமில் இருப்பது எந்தப் பூட்டு?

முதல் வகை, வட்டிலேயே இருக்கும் பூட்டு. 1980-களின் நடுவில் சியரா நிறுவனத்தின் ஆரம்பகால கேம்கள் இப்படித்தான் வந்தன. அசல் ஃப்ளாப்பியில் ஒரு பகுதியைச் சாதாரண முறையில் நகலெடுக்க முடியாதபடி எழுதியிருப்பார்கள். கேம் தொடங்கும்போது அந்தப் பகுதி இருக்கிறதா என்று பார்க்கும். ஃப்ளாப்பியே இல்லாத டிஜிட்டல் விற்பனையில் இதை விற்பவர்தான் நீக்கித் தர வேண்டும், உங்களுக்கு இதில் வேலை கிடையாது.

இரண்டாவது, வாசலில் நிற்கும் காகிதப் பூட்டு. இதற்கு மிகவும் புகழ்பெற்ற உதாரணம் 1990-இல் வந்த தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட். பெட்டியில் டயல் எ பைரேட் என்ற அட்டைச் சக்கரம் இருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழலும் இரண்டு வட்டங்கள். ஒன்றில் கடற்கொள்ளையரின் முகத்தில் மேல் பாதி, இன்னொன்றில் கீழ் பாதி. திரையில் தெரியும் முகம் வரும்வரை சுழற்ற வேண்டும். பிறகு இந்த ஊரில் இவனை எந்த ஆண்டு தூக்கிலிட்டார்கள் என்று கேம் கேட்கும். அந்த ஊர்ப் பெயருக்குக் கீழே உள்ள சிறு ஜன்னலில் தெரியும் எண்ணைத் தட்டினால் உள்ளே போகலாம். அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பாகத்தில் இதே உத்தி மிக்ஸ் அண்ட் மோஜோ என்ற பில்லிசூனியச் சக்கரமாக மாறியது. சியராவின் தி கர்னல்ஸ் பிக்வெஸ்ட் கேமில், 1989-இல், தொடக்கத்திலேயே ஒரு கைரேகை யாருடையது என்று அடையாளம் காட்ட வேண்டும். துப்பறியும் கதைக்கு எவ்வளவு பொருத்தமான வாசல் பாருங்கள்!

மூன்றாவது வகைதான் நம்மை நடுவழியில் நிறுத்தும். பூட்டு புதிருக்குள்ளேயே கரைந்திருக்கும். 1986-இன் கிங்ஸ் குவெஸ்ட் 3-இல் மந்திரங்களின் வரிகள் கையேட்டில் மட்டுமே உண்டு. அவற்றை வரிக்கு வரி பிழையின்றித் தட்டச்சு செய்ய வேண்டும். ஓர் எழுத்து தவறினாலும் மந்திரம் உங்கள் மீதே திரும்பும். 1988-இன் ஸாக் மெக்கிராக்கனில் அமெரிக்காவை விட்டு விமானம் ஏற விசா குறியீடு வேண்டும். தொடர்ந்து தவறாகச் சொன்னால் சிறையில் போட்டு, திருட்டுப் பிரதி பற்றி ஒரு பிரசங்கமும் செய்வார்கள். ஸ்பேஸ் குவெஸ்ட் 4-இல் காலப் பயணக் கூண்டை இயக்கும் குறியீடுகள், 5-இல் விண்வெளிக் கப்பலைச் செலுத்தும் ஆயங்கள், இரண்டுமே பெட்டியோடு வந்த போலிப் பத்திரிகைகளுக்குள் ஒளிந்திருந்தன. 1993-இன் டே ஆஃப் தி டென்டக்கிளில், ஃப்ளாப்பி பதிப்பில், சூப்பர் பேட்டரியின் வரைபடத்தை முடிக்கக் கையேட்டைப் பார்க்க வேண்டியிருந்தது.

இந்தக் காகிதம் முதலில் பூட்டாகப் பிறக்கவில்லை. 1982-இல் இன்ஃபோகாம் வெளியிட்ட டெட்லைன் என்ற எழுத்துவழி கேமில், சொல்ல நினைத்த தடயங்கள் எல்லாம் வட்டில் அடங்கவில்லை. அதனால் விசாரணைக் குறிப்புகளைக் காகிதமாகவே பெட்டிக்குள் போட்டார்கள். வாங்கியவர்களுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. இந்தக் காகிதம் நகலையும் தடுக்கும் என்ற பயன் பிறகுதான் கைகூடியது. இந்த வரலாறு தெரிந்தால், கையேட்டை ஏன் பூட்டு என்று மட்டும் நினைக்கக் கூடாது என்பது விளங்கும்.

நான்காவது, 1990-களின் பிற்பகுதியிலும் 2000-களிலும் வந்த குறுந்தட்டுப் பூட்டுகள். இவற்றுக்குத் தனியாக ஒரு படி இருக்கிறது.

படி 2: வாங்குவதற்கு முன் எந்தப் பதிப்பு என்று பாருங்கள்

ஒரே பெயரில் மூன்று நான்கு கேம்கள் உண்டு. 16 நிற ஃப்ளாப்பி பதிப்பு, 256 நிற ஃப்ளாப்பி பதிப்பு, குரல் சேர்த்த சிடி பதிப்பு, பல ஆண்டுகள் கழித்துப் படமும் ஒலியும் மெருகேற்றி வந்த ரீமாஸ்டர். நகல் தடுப்பு எதில் இருக்கும், எதில் இருக்காது என்பதற்குப் பெரும்பாலும் சரியாக வரும் ஒரு கணக்கு இருக்கிறது. ஃப்ளாப்பி பதிப்பில் இருக்கும், சிடி பதிப்பில் இருக்காது.

காரணம் எளிது. 1990-களின் தொடக்கத்தில் ஒரு சிடியில் சுமார் 650 எம்பி அடங்கும். அன்றைய வீட்டுக் கணினிகளின் ஹார்ட் டிஸ்க்கே பெரும்பாலும் அதைவிடச் சிறியது. சிடி எழுதும் கருவி யார் வீட்டிலும் இல்லை. நகலெடுக்கவே முடியாத பொருளுக்கு அட்டைச் சக்கரம் எதற்கு? அதனால் மங்கி ஐலண்டின் சிடி பதிப்பில் சக்கரம் போயிற்று, டே ஆஃப் தி டென்டக்கிளின் சிடி பதிப்பில் பேட்டரிக் கேள்வி போயிற்று. இன்று டிஜிட்டலில் விற்கப்படுபவை பெரும்பாலும் இந்தச் சிடி பதிப்புகளோ அவற்றின் ரீமாஸ்டர்களோதான்.

ஆனால் சிடி என்றாலே நிம்மதி என்று இருந்துவிட வேண்டாம். புதிருக்குள் கரைந்த பூட்டு சிடி பதிப்பிலும் தொடரும். தொடக்கத்தில் சொன்ன பாறைச்சுவர் சிடியிலும் அப்படியே நிற்கிறது. 1995-இல் வந்த ஸ்பேஸ் குவெஸ்ட் 6-இலும் கையேடு இல்லாமல் தீர்க்க முடியாத ஒரு புதிர் உண்டு.

பதிப்பு மாறும்போது பூட்டு மட்டும் மாறுவதில்லை. மங்கி ஐலண்டின் ஃப்ளாப்பி பதிப்பில் காட்டுக்குள் ஒரு மரக்கட்டை இருக்கும். அதைப் பார்த்தால் 22-ஆம் வட்டைச் செருகு என்று கேம் கேட்கும். அப்படி ஒரு வட்டே கிடையாது, அது நகைச்சுவை. மக்கள் உண்மையென நம்பி உதவி எண்ணுக்குத் தொலைபேசியதால் சிடி பதிப்பில் நீக்கிவிட்டார்கள். எனக்கு அந்த மரக்கட்டை உள்ள பதிப்புதான் பிடிக்கும். உங்களுக்கு எது வேண்டும் என்பதை வாங்கும் முன்பே முடிவு செய்யுங்கள்.

கடையின் பக்கத்தில் மூன்று விவரங்களைத் தேடுங்கள். கையேடு கூடுதல் பொருளாக வருகிறதா? இணையம் இல்லாமல் நிறுவக்கூடிய தனி இன்ஸ்டாலர் கிடைக்குமா? வாங்கியவர்களின் கருத்துகளில் குறியீடு கேட்கிறது என்று யாராவது எழுதியிருக்கிறார்களா? 2008-இல் தொடங்கிய ஜிஓஜி என்ற இணையக் கேம் கடை, டிஆர்எம் எனப்படும் டிஜிட்டல் பூட்டு இல்லாத இன்ஸ்டாலரைத் தருவதையே தன் கொள்கையாக வைத்திருக்கிறது. பல கேம்களுக்கு ஸ்கேன் செய்த கையேட்டையும் சேர்த்துத் தருகிறது. ஸ்டீம் என்ற இன்னொரு இணையக் கடையில் இது கேமுக்குக் கேம் மாறும். சிலவற்றை ஸ்டீம் செயலி இல்லாமலே ஓட்டலாம், சிலவற்றை முடியாது.

படி 3: வாங்கியதும், விளையாடுவதற்கு முன்பே காகிதத்தை எடுத்துவிடுங்கள்

கணக்குப் பக்கத்தில் உள்ள கூடுதல் பொருட்கள் அனைத்தையும் இறக்குங்கள். பிறகு நிறுவிய ஃபோல்டருக்குள் போய் பிடிஎஃப் கோப்புகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். கையேடு, குறிப்புப் புத்தகம், வரைபடம், பத்திரிகை, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேருங்கள்.

திறந்து பாருங்கள், பெயரை நம்பாதீர்கள். கையேடு என்ற பெயரில் ஒரு பக்கக் குறிப்பு மட்டும் இருப்பதும் உண்டு. தொகுப்பாக விற்கும்போது ஐந்து கேம்களின் கையேடுகளை ஒரே பிடிஎஃப்பில் அடுக்குவதும் உண்டு. உங்கள் கேமின் பக்கங்கள் முழுமையாக இருக்கின்றனவா, எண்கள் படிக்கும் அளவு தெளிவா என்று அப்போதே பார்த்துவிட்டால், குறை இருந்தால் பணம் திரும்பக் கேட்கும் காலம் முடிவதற்குள் சொல்லிவிடலாம்.

படி 4: சக்கரத்தையும் சிவப்புக் கண்ணாடியையும் நீங்களே செய்யுங்கள்

இந்தப் படியில்தான் எனக்கு மகிழ்ச்சி அதிகம். திரையில் ஒரு பட்டியலைப் பார்த்து எண்ணைத் தட்டுவதும், கையில் சக்கரத்தைச் சுழற்றி முகத்தைப் பொருத்துவதும் ஒன்றல்ல.

அட்டைச் சக்கரத்துக்கு இரண்டு வட்டங்களின் படமும் தனித்தனியே வேண்டும். சேர்த்து ஸ்கேன் செய்த படத்தில் ஒரே ஒரு நிலைதான் தெரியும், அது உதவாது. இரண்டையும் ஒரே அளவில் அச்சிடுங்கள். அச்சிடும்போது தாளுக்கு ஏற்பச் சுருக்கும் வசதியை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் ஜன்னல் ஓரிடத்திலும் எண் ஓரிடத்திலும் நிற்கும். கெட்டியான அட்டையில் ஒட்டி, காய்ந்த பிறகு வெட்டுங்கள். மேல் வட்டத்தின் ஜன்னல்களைக் கூர்மையான கத்தியால் முதலில் வெட்டிவிட்டுப் பிறகு வெளி விளிம்பை வெட்டினால் அட்டை மடங்காது. நடுப்புள்ளியில் துளையிட்டு, பின்பக்கம் இரண்டு கால்களும் விரியும் பித்தளைப் பின்னைச் செருகுங்கள். துளை பின்னைவிடச் சற்றே பெரிதாக இருந்தால்தான் சக்கரம் தடையின்றிச் சுழலும். ஒரு முகம் சரியாகப் பொருந்தும் நிலையில் எல்லா ஜன்னல்களிலும் எண்கள் முழுதாகத் தெரிகின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் கேமைத் தொடங்க வேண்டும்.

சிவப்புக் கண்ணாடி வேறு கதை. 1990-இல் வந்த லூம் கேமின் பெட்டியில் ஒரு மந்திர நெசவுப் புத்தகமும் சிவப்பு ஒளித்தாளும் இருந்தன. புத்தகத்தில் முக்கியமான குறிப்புகளின் மேல் சிவப்பு மையால் கிறுக்கியிருப்பார்கள். வெறும் கண்ணால் பார்த்தால் ஒன்றும் புரியாது. சிவப்புத் தாள் வழியாகப் பார்த்தால் சிவப்புக் கிறுக்கல் வெள்ளைத் தாளோடு கலந்து மறைய, நீல மை மட்டும் கறுப்பாகத் தெரியும். அன்றைய நகலெடுக்கும் இயந்திரங்கள் இரண்டு நிறத்தையும் ஒரே கருமையாக்கிவிடும், அதுதான் இதன் சூட்சுமம்.

ஸ்கேன் செய்த பக்கத்தில் இதே வித்தையைக் கண்ணாடி இல்லாமல் செய்யலாம். படத்தை ஏதாவது ஒரு பட எடிட்டரில் திறந்து, நிற அடுக்குகளில் சிவப்பை மட்டும் காட்டச் சொல்லுங்கள். கிறுக்கல் வெளுத்துப்போகும், எழுத்து எழுந்து நிற்கும். கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்த பிரதியில் இது நடக்காது, வண்ண ஸ்கேன் கட்டாயம்.

பதில் சரியாக இருந்தும் கேம் ஏற்கவில்லை என்றால், உங்கள் கையேடு வேறு பதிப்புக்கு உரியதாக இருக்கலாம். பதிப்பு மாறினால் பக்க எண்ணும் குறியீடும் மாறக்கூடும். கேமின் பதிப்பையும் கையேட்டின் பதிப்பையும் முதலில் ஒப்பிடுங்கள்.

படி 5: ஸ்கம்விஎம்மில் ஓட்டுவது

வாங்கிய கேமோடு வரும் ஓட்டியே போதும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். நான் எப்போதும் கேம் கோப்புகளை எடுத்து, பழைய கேம்களை இன்றைய கணினியில் ஓட்டும் ஸ்கம்விஎம் என்ற மென்பொருளில் சேர்க்கச் சொல்வேன். லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் மேனியாக் மேன்ஷனுக்காக உருவாக்கிய ஸ்கம் என்ற இயங்குமுறையை மீண்டும் எழுதும் முயற்சியாக 2001-இல் இது தொடங்கியது. இன்று சியராவின் பெரும்பாலான கேம்கள் உட்பட நூற்றுக்கணக்கானவை இதில் ஓடுகின்றன. விண்டோஸ், மேக், லினக்ஸ், கைப்பேசி என எதிலும் நிறுவலாம். இலவசம், திறந்த மூலம்.

நிறுவிய கேமின் ஃபோல்டரை அப்படியே நகலெடுத்து வேறோர் இடத்தில் வையுங்கள். ஸ்கம்விஎம்மைத் திறந்து கேம் சேர்க்கும் பொத்தானை அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். கோப்புகளைச் சோதித்து எந்தப் பதிப்பு என்று அதுவே சொல்லும். படி 2-இல் எழுந்த சந்தேகத்துக்கு இங்கே உறுதியான விடை கிடைக்கும். மேக்கிலோ லினக்ஸிலோ இருந்தால், விண்டோஸ் இன்ஸ்டாலரைப் பிரித்துக் கோப்புகளை எடுக்க இன்னோஎக்ஸ்ட்ராக்ட் என்ற சிறு கருவி ஜிஓஜி இன்ஸ்டாலர்கள் பலவற்றுக்குப் போதும்.

நகல் தடுப்பைப் பொறுத்தவரை ஸ்கம்விஎம் ஒரு தெளிவான நிலை எடுத்திருக்கிறது. தாண்டக்கூடிய கேம்களில் அதைத் தாண்டிவிடுவதே இயல்பான அமைப்பு. பூட்டோடு, அசல் அனுபவத்தோடு விளையாட நினைத்தால் திரும்பவும் இயக்கலாம். சில கேம்களில் கேம் அமைப்புப் பக்கத்திலேயே அதற்கு ஒரு பெட்டி இருக்கும், டிக் செய்தால் போதும். இல்லையென்றால் ஸ்கம்விஎம்மின் அமைப்புக் கோப்பைத் திறந்து, அந்த கேமின் பகுதியில் காப்பி, புரொடெக்ஷன் என்ற இரு ஆங்கிலச் சொற்களைச் சிறிய எழுத்தில் அடிக்கோட்டால் இணைத்து எழுதி, சமக்குறி போட்டு ட்ரூ என்று சேர்க்க வேண்டும். சக்கரம் செய்தவர்கள் தயவுசெய்து ஒருமுறையாவது இதைச் செய்து பாருங்கள்.

ஸ்கம்விஎம் தாண்டிவிடும் என்று நம்பிக் கையேட்டை ஒதுக்கிவிடாதீர்கள். வாசல் பூட்டுக்குத்தான் அந்த உதவி பெரும்பாலும் கிடைக்கும். மந்திர வரிகள், பாறை எழுத்துகள் போன்றவை கேமின் உடலிலேயே இருப்பவை.

படி 6: டாஸ்பாக்ஸ் தேவைப்படும்போது

டாஸ் என்பது விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம். ஸ்கம்விஎம்மில் ஓடாத டாஸ் கேம்களுக்கு டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருள். கடைகள் இதை அமைத்தே தருகின்றன, நீங்கள் பார்க்க வேண்டியது வேகம் ஒன்றுதான். பழைய சியரா கேம்கள் சில, வேகமான செயலியில் ஒலிக் கருவியை அடையாளம் காணாமல் தொடக்கத்திலேயே நின்றுவிடும். துரத்தல் காட்சிகளில் எதிரி கண்மூடித் திறப்பதற்குள் பிடித்துவிடுவான். கன்ட்ரோல் விசையோடு எஃப்11 அழுத்தினால் வேகம் குறையும், எஃப்12 அழுத்தினால் கூடும். வாசலில் குறியீடு கேட்டால் டாஸ்பாக்ஸ் தாண்ட உதவாது. அது பழைய கணினியை அப்படியே நடித்துக் காட்டுகிறது, பூட்டும் அப்படியே இருக்கும்.

படி 7: பழைய குறுந்தட்டு கையில் இருந்தால்

சிடி எழுதும் கருவி வீடுகளுக்கு வந்ததும் பூட்டும் திரும்பி வந்தது. சேஃப்டிஸ்க், செக்யூரோம் போன்றவை அசல் தட்டு உள்ளே இருக்கிறதா என்று சோதித்தன. சேஃப்டிஸ்க் தன் வேலைக்கு விண்டோஸின் அடியாழத்தில் இயங்கும் டிரைவர் என்ற சிறு நிரலை நம்பியிருந்தது. அந்த டிரைவரில் பாதுகாப்புக் குறை இருந்ததால், 2015-இல் வந்த விண்டோஸ் 10 அதை ஏற்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த பாதுகாப்புப் புதுப்பிப்பு விஸ்டா, 7, 8 ஆகியவற்றிலும் அதை முடக்கியது. காசு கொடுத்து வாங்கிய தட்டு ஒரே நாளில் ஓடாமல் போனது எத்தனை பேருக்கு வலித்திருக்கும்!

அந்த டிரைவரை மீண்டும் இயக்கச் சொல்லும் குறிப்புகளைப் பின்பற்றாதீர்கள், ஒரு கேமுக்காகக் கணினி முழுவதையும் திறந்து வைப்பது அது. முகம் தெரியாதவர் தரும், பூட்டை உடைத்த இயக்கக் கோப்பும் (கேமைத் தொடங்கும் கோப்பு) அதே ஆபத்துதான். அந்த கேம் ஸ்கம்விஎம்மில் ஓடுமா என்று முதலில் பாருங்கள். ஸ்கம்விஎம் பழைய இயக்கக் கோப்பை ஓட்டுவதே இல்லை, தரவுக் கோப்புகளை மட்டும் படிக்கிறது. பூட்டு பெரும்பாலும் இயக்கக் கோப்பில்தான் இருக்கும். பட்டியலில் இல்லையென்றால் டிஜிட்டல் மறுவெளியீட்டை வாங்குவதே நேர்வழி.

பூட்டை நீங்களே உடைப்பது சட்டப்படி சரியா என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 1998-இன் டிஎம்சிஏ என்ற டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம் இதைத் தடுக்கிறது. ஆனால் வழக்கொழிந்த வடிவில் உள்ள, அசல் தட்டோ கருவியோ இல்லாமல் திறக்காத கேம்களுக்கு 2003-இல் ஒரு விலக்கு கொடுத்தார்கள். அதுவும் எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் அல்ல. உங்கள் நாட்டின் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 8: சேர்த்து வையுங்கள்

உரிமம் கைமாறும்போது கேம்கள் கடையிலிருந்து மறைவதுண்டு. எனவே ஒவ்வொரு கேமுக்கும் ஒரு ஃபோல்டர் வைத்து, அதில் தனி இன்ஸ்டாலர், ஸ்கம்விஎம்முக்காக நகலெடுத்த கோப்புகள், கையேட்டு பிடிஎஃப், சக்கரத்தின் இரண்டு படங்கள், சேமித்த ஆட்டங்கள் ஆகியவற்றைப் போடுங்கள். எந்தப் பதிப்பு, எந்தப் பக்கத்தில் குறியீடு என்று ஓர் உரைக் கோப்பில் எழுதுங்கள். இரண்டு வெவ்வேறு வட்டுகளில் பிரதி இருக்கட்டும்.

கடைசியாக ஒரு சோதனை. அந்த ஃபோல்டரை வேறொரு கணினிக்கு எடுத்துச் சென்று இணையத்தைத் துண்டியுங்கள். நிறுவி, கேமைத் தொடங்கி, காகிதம் கேட்கும் இடம் வரை போங்கள். அந்த இடம் கேமின் நடுவில் இருந்தால், அதற்குச் சற்று முன் சேமித்த ஆட்டத்தைத் திறந்து முயலுங்கள். சக்கரத்தைச் சுழற்றி எண்ணைத் தட்டியதும் கதவு திறந்தால், அந்த ஃபோல்டரில் எதுவும் விடுபடவில்லை.